நவம்பர் தாளில் ஒரு சங்கு

மருந்துக் கம்பெனி காலண்டரில்
நவம்பருக்கு மேலே இருந்தது
முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய
ஓர் ஒல்லாந்து மேசை.
பாதி உரித்த எலுமிச்சை, ஈயத் தட்டு,
யாரோ குடித்து மீதி வைத்த கண்ணாடிக் கோப்பை,
ஓரத்தில், துணி மடிப்பில் சாய்ந்து
ஒரு சங்கு.
வரைந்தவன் பேர் கீழே பொடியாக அச்சாகியிருந்தது.
அதன் மேல்தான் எங்கள் கடை ரப்பர் முத்திரை.

மாதம் முடிந்ததும் கிழிக்கச் சொன்னார் முதலாளி.
கிழித்தேன். பில் புத்தகத்துக்குள் வைத்து
கிழக்குத் தெருவுக்குக் கொண்டுவந்தேன்.

முப்பத்தாறு பென்சில். கறுப்பும் உண்டு அதில்.
மேசைக்குப் பின்னால் நிற்கும் இருட்டு
அந்தக் கறுப்பில் இல்லை.
முதலில் கருநீலம், மேலே காப்பிப்பொடி நிறம்,
அதற்கும் மேலே ரத்தச் சிவப்பு, மறுபடி நீலம்.
கூர் தேயத் தேயச் சீவி
ஒரு விரற்கடை இருட்டுக்கு ஓர் இரவு.
எண்ணெய்க்காரன், ஒரே இழுப்பில் இழுத்திருப்பான்.
எனக்கு வாய்த்தது மெழுகு.
இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்தால்
கடல்காற்றில் தாள் நமுத்து பென்சில் வழுக்கும்.

வெள்ளைக்குப் பென்சில் உதவாது.
காகிதத்தைத் தொடாமல் விடுவதுதான் வெள்ளை.
கோப்பை விளிம்பில் கடுகளவு வெளிச்சம்,
அதைத் தொடாமலிருக்கப்
பதினோரு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கீழ் மூலையில் ஏதோ கிறுக்கல்.
அவர்கள் எழுத்து இப்படித்தான் போல என்று
பூதக்கண்ணாடி வைத்து
ஒவ்வொரு வளைவையும் எண்ணி எழுதினேன்.

பிப்ரவரியில் ஒரு நாள்
பிரஷர் மாத்திரை வாங்கிப்போக வந்தார்
பக்கத்து வீட்டுப் பகுருதீன் காக்கா.
எலுமிச்சையைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்க்கவில்லை.
"இது எங்கே எடுத்தது?"
"படம் காக்கா. வெள்ளைக்காரன் வரைஞ்சது."
"அது சரி புள்ள. சங்கு எங்கே எடுத்தது?
கொண்டையைப் பாரு, தோளைப் பாரு, நம்ம கடல் சங்கு.
ஆனா வாய் மாறியிருக்கு.
இது வலம்புரி."

இருபத்தாறு வருஷம் முங்கியவர்.
ஒரு காதை ஆழத்திடம் கொடுத்தவர்.
முல்லித் தீவிலிருந்து அப்பாத் தீவு வரை
கைக்கு வந்ததெல்லாம் இடம்புரி,
பை பையாக இடம்புரி.
லட்சத்தில் ஒன்று என்பார்களே, அந்த ஒன்றை
அடுத்த வள்ளத்தில் எவனோ தூக்கிக் காட்டியபோது
தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

"அப்ப அந்த ஒல்லாந்துக்காரன் கொடுத்துவெச்சவன்," என்றேன்.
"இல்லாட்டி அச்சடிச்சவன் குடிகாரன்," என்றார்.

அவர் போனதும்
பீரோக் கண்ணாடி முன்னால் நவம்பரைப் பிடித்தேன்.
கிறுக்கல் எழுத்தானது. ஒரு பேர்,
ஒரு வருஷம், நாலு இலக்கமும் சுத்தமாக.
எலுமிச்சைத் தோல் அந்தப் பக்கம் தொங்கியது.
ஜன்னல் இடம் மாறியது.
சங்கு, பையில் போடுகிற சங்காகிவிட்டது.

மூன்று மாதமாக
ஒருத்தன் பிசகை
மயிரிழை பிசகாமல் வரைந்திருக்கிறேன்.
ரப்பர் இந்த மெழுகை எடுக்காது, அப்பும்.
எடுக்கவும் தோன்றவில்லை.

மாத்திரை தீருமுன்னே மறுபடி வந்தார்.
சங்கின் உள்வாய் மட்டும் பாக்கி.
"இந்தச் சிவப்பு பத்தாது.
உசுரோட எடுத்தா
பச்சப்புள்ள ஈறு மாதிரி இருக்கும்."
செம்மஞ்சள் ஒரு பூச்சுப் போட்டேன். "இன்னும்." போட்டேன்.
கண்ணாடியில் பார்த்ததை நான் சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.

அழுத்தி அழுத்திப் போட்ட இருட்டின் மேல்
வெள்ளையாகப் புகை படிந்திருந்தது.
மெழுகு பூத்தால் அப்படித்தான்,
துடைத்தால் போய்விடும்.
நான் துணி தேடுவதற்குள்
கைலி முனையை விரலில் சுற்றி
அவரே துடைக்க ஆரம்பித்திருந்தார்,
மேலே, பிறகு பக்கவாட்டில்,
கெட்ட காதைப் படத்துப் பக்கம் சாய்த்து,
சங்கை மட்டும் தொடாமல்.